சிவப்பு வாளி தொங்கும் வீடு

என் ஸ்டெல்லாவுக்கு,

கல்லறைக்கு வந்தால் பக்கத்தில் யாராவது நின்றுகொண்டே இருக்கிறார்கள். உன்னிடம் நாலு வார்த்தை நிம்மதியாகப் பேச முடிவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். யார் வேண்டுமானாலும் படித்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன வெட்கம்?

என் படங்களை மாட்டிவிட்டேன். சத்தியமாக! டவுன்ஷிப்பில் ஒரு கூடத்தில், மூன்று நாள். உள்ளூரில் வரைகிற நாலைந்து பேர் சேர்ந்து நடத்தினார்கள், எனக்கும் ஒரு சுவர் கொடுத்தார்கள். காலமெல்லாம் நிலக்கரி மைன்ஸில் ஷிப்டு பார்த்தவன், இஸ்திரி போட்ட சட்டையும் அதுவுமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தன் படங்களுக்குத் தானே காவல் இருந்ததை நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

நீ போட்ட கண்டிஷன் எனக்கு மறக்கவில்லை. படுக்கையில் கிடந்தபடி, நான் வரைவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வழக்கம்போல நல்லா இருக்கு என்று பாராட்டிவிட்டுச் சொன்னாய்: "உங்க அண்ணன் வாங்கினாலும், ஷிப்டுக்காரங்க வாங்கினாலும் அது மொய்தாங்க. முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் காசு குடுத்து வாங்கட்டும். அப்பதான் நீங்க ஆர்ட்டிஸ்டுன்னு ஒத்துக்குவேன்." சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாயா? "எல்லாம் வூடா வரையிறீங்க. ஒண்ணுலயாச்சும் ஆளு இருக்கா? எல்லாரும் ரிட்டயர்டாகிக் காலி பண்ணிட்டாங்களா?" என்று ஒரு குத்து வேறு.

எனக்கு முகம் வராது, உனக்குத் தெரியாததா? மூக்கை வரைந்தால் கத்தரிக்காய் வந்து நிற்கிறது.

முதல் நாளே நம்ம ராஜேந்திரன் வந்தான். இருபது வருஷம் என்னோடு ஒரே ஷிப்டில் இருந்தவன். "எனக்கு ஒண்ணு எடுத்து வெய்யிப்பா. எதுவா இருந்தாலும் சரி, எங்க வூட்டு ஹாலுக்கு மேட்ச்சா இருந்தா போதும்" என்றான்.

"நீ வாங்கினா அது சேத்தி இல்ல, போய்யா" என்றேன்.

"விக்கிறதுக்குத்தான மாட்டிகினு ஒக்காந்துகினு கீற? அப்புறம் என்னா?" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள் கோயில்காரர்கள் கும்பலாக வந்தார்கள். மாதா படம் இல்லையா என்று கேட்டார்கள். என் அண்ணன் வந்தார், அவருக்கும் இல்லை என்றேன். ஜெனி போனில் தலையில் அடித்துக்கொண்டாள். "வாங்க வர்றவங்கள தொரத்தி விடுற ஒரே ஆர்ட்டிஸ்ட் நீங்கதான்ப்பா. அம்மா வெளையாட்டுக்குச் சொன்னதப் புடிச்சிகினு..."

விளையாட்டா? உன் மகளுக்கு உன்னைத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பயம் வந்துவிட்டது. தெரியாதவர்களும் வந்தார்கள்தான். பார்த்தார்கள், நல்லா இருக்குங்க என்றார்கள், போனார்கள். ஒருவேளை நீ எனக்காகத்தான் அத்தனை நாளும் பாராட்டினாயோ?

ஓரமாக ஒரு படம் மாட்டியிருந்தேன். நம் பதினாறாம் பிளாக் குவார்ட்டர்ஸ். கொய்யா மரம், துவைக்கிற கல், கேட்டில் கவிழ்த்துக் கட்டிய சிவப்பு வாளி. அதற்கு மட்டும் விலைச்சீட்டு ஒட்டவில்லை. நீ பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கட்டும் என்றுதான் கொண்டுபோனேன்.

வாளிக் கதையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. நைட் ஷிப்டு முடிந்து காலையில் தூக்கக் கலக்கத்தோடு வந்தவன், அடுத்த வரிசையில் ஒரு வீட்டுக்குள் நுழைந்து, பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, "ஸ்டெல்லா, காபி குடு" என்றேன். உள்ளேயிருந்து வந்த அம்மா போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. எல்லா வீடும் ஒரே அச்சு, நான் என்ன செய்வேன்? நீ திட்டவே இல்லை. மறுநாள் வந்தால் நம் கேட்டில் வாளி தொங்குகிறது. "இனிமே இதப் பாத்து வாங்க" என்றாய். வெயிலில் வெளுக்க வெளுக்க வேறு சிவப்பு வாளி மாற்றினாய். நான் ரிட்டயர்டாகிக் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணும்போது கடைசியாக அவிழ்த்ததும் நீதான். இங்கே வடக்குத்தில் நம் வீட்டில் அதில்தான் பிரஷ்களைப் போட்டு வைத்திருக்கிறேன்.

கடைசி நாள் மத்தியானம், பட்டுப்புடவையில் ஒரு அம்மா வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். வடலூருக்குக் கல்யாணத்துக்கு வந்தவர், வளர்ந்த ஊரைப் பார்க்கலாம் என்று டவுன்ஷிப்புக்குள் ஒரு சுற்று வந்தாராம். நேராக அந்த ஓரத்துப் படத்தின் முன்னால் போய் நின்றார்.

"இது எங்க வீடுங்க."

"இல்லம்மா, எங்க வூடு. பதினாறாம் பிளாக்கு."

"இல்லங்க, இருபத்தொண்ணு. இந்தக் கொய்யா எங்கப்பா வச்சது. இந்தக் கல்லுலதான் எங்கம்மா துவைப்பாங்க."

நானும் விடவில்லை, அவரும் விடவில்லை. கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அன்றைக்கு நான் அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்தேன், இன்றைக்கு இவர் நம் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார் என்று எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. படத்தைக் கேட்டார். விற்பதற்கில்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"அப்பா ரிட்டயர்டானதும் திருநெல்வேலி பக்கம் போயிட்டோம். இப்ப அப்பாவும் இல்ல, அம்மாவும் இல்ல. அந்த வீட்டு போட்டோ ஒண்ணுகூட எங்ககிட்ட இல்லங்க."

வேறொன்று வரைந்து அனுப்புகிறேன் என்றேன். இதுதான் வேண்டும் என்றார். முன்பின் தெரியாத ஒருத்தர். நீ கேட்ட ஆள்தான் ஸ்டெல்லா, ஆனால் இந்தப் படத்தையா கேட்க வேண்டும்? அதற்குள் அவரே, "இந்த வாளி மட்டும் எங்க வீட்ல கிடையாதுங்க. அத மட்டும் அழிச்சுத் தர முடியுமா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வாளி இல்லாம அந்த வூடே கெடையாதும்மா. அதோட வேணும்னா எடுத்துகினு போங்க" என்றேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, கொடுக்கச் சம்மதித்துவிட்டேன் என்று.

அவர் மறுபடியும் படத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "சரி, இருக்கட்டும். வீட்டுக்கார அம்மா யாருக்காகவோ வேணும்னேதான் கட்டி வச்சிருக்காங்கபோல" என்றார்.

ஆளே இல்லை என்றாயே, கேட்டுக்கொண்டாயா? நான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதேன். சந்தோஷம்தான், வேறென்ன. அவர் கொடுத்த காசை வாங்கிக்கொண்டு, படத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன், கார் திரும்புகிறவரை வாசலில் நின்றேன். பிறகு ராஜேந்திரனைக் கூப்பிட்டு, அவன் ஹாலுக்கு மேட்ச்சாக ஒன்றை இலவசமாகவே கொடுத்துவிட்டேன். அடுத்த வருஷமும் சுவர் தருகிறார்களாம்.

அதற்குள் அந்த வீட்டை மறுபடி வரையப் போகிறேன். இந்தமுறை கதவு திறந்திருக்கும், காபி டம்ளரோடு நீ நிற்பாய். மூக்கு எப்படி வந்தாலும் சண்டை போடக் கூடாது. வரைந்து முடிப்பேன், இது சத்தியம். இன்னொன்று: அங்கேயும் வீடெல்லாம் ஒரே மாதிரி இருந்தால் வாசலில் எதையாவது சிவப்பாகக் கட்டி வை. நான் மெதுவாகத்தான் வருவேன், வரைய நிறைய இருக்கிறது.

நீ ஒத்துக்கொள்ள வேண்டிய ஆர்ட்டிஸ்ட்,
உன் வீட்டுக்காரன்
அந்தோணி