ரேமுக்கு வைத்த பொட்டு

5 ஜூலை 2024, வெள்ளி

கையெழுத்து கோணலாக இருக்கிறது, மன்னிக்க வேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்? இதைப் படிக்கப் போவதே நான்தான். சரி அம்மாசி, உன்னிடமே கேட்டுக்கொள்கிறேன். கோடு போட்ட நோட்டுதான். எழுத்துகள்தான் கோட்டை மதிக்கமாட்டேன் என்கின்றன. எழுபது வயதில் எழுதக் கற்றவனுக்கு இவ்வளவு வருவதே பெரிது.

இன்று கோயில் மண்டபத்தில் முதியோர் வகுப்பு. ஜெயமலர் டீச்சர் எல்லார் முன்னாலும், "இந்த வருஷம் திருவிழா நோட்டீஸ அம்மாசி ஐயா டைப் பண்ணட்டும்" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் எழுதி, ஊர் படிப்பதா!

கோயில் தலைவர் ரவிச்சந்திரன் சிரித்தார். "கைநாட்டு வெச்சு சம்பளம் வாங்குன அண்ணனா எழுதப் போறாரு? சரிலா. வியாழக்கிழமைக்குள்ள குடுங்க. இல்லன்னா எப்பவும் போல டவுன்லயே அடிச்சிக்கலாம்."

சிக்கல் வகுப்புக் கணினியில் இருக்கிறது. பதினைந்து வயதுக் கிழம். 'அ' தட்டிவிட்டுப் போய் ஒரு கோப்பி குடித்து வந்தால் 'அ' வந்து நிற்கும். இதில் நோட்டீஸ் முடிவதற்குள் அடுத்த வருடத் திருவிழா வந்துவிடும்.

7 ஜூலை, ஞாயிறு

என் கூட்டாளி அய்யாவு தோட்டத்தில் டிராக்டர் ஃபிட்டராக இருந்தவன். கணினிப் பெட்டியைத் திறந்து, டீச்சர் காட்டிய 'ரேம்' என்கிற நினைவகப் பட்டையை உருவி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இருவரும் மோட்டார் சைக்கிளில் சுங்கை பட்டாணி டவுனுக்குப் போனோம். கடைக்காரர் குணாளன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு ஜிபிதான் இருக்கு ஐயா. அதான் மூச்சு வாங்குது. பக்கத்துல இன்னொரு நாலு போடுங்க. மொதல்ல வயரைப் பிடுங்கிடுங்க. 'டக்'னு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்குங்க. அவ்வளவுதான்."

வாங்கினோம். புது ரேம் ஒரு சாண் நீளம்கூட இல்லை. விரலை விடக் கனம் குறைவு. இதுவா அந்தக் கிழத்தை ஓட வைக்கும்?

8 ஜூலை, திங்கள்

அய்யாவு கிரீஸ் டப்பாவோடு வந்தான். "புதுச் சாமான்டா. கிரீஸ் போடாம மாட்டுனா தேஞ்சி போயிரும்." நான் தடுத்துவிட்டேன். நானென்ன விவரம் தெரியாதவனா?

ஆனால் புதுச் சாமானைப் பொட்டு வைக்காமல் வேலையில் இறக்கலாமா? நாற்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினேன். பொட்டு வைக்காத கத்தி என் மரத்தைத் தொட்டதில்லை. ரேமின் அடி ஓரத்தில் பல் பல்லாகத் தங்க நிறம். தங்கம் இருக்கும் இடத்தில்தானே வைக்க வேண்டும்? வரிசை முழுக்கச் சந்தனம் தடவி, நடுவில் குங்குமம் வைத்தேன். பழைய ரேம் மனம் வருந்தக்கூடாது என்று அதற்கும் அப்படியே. காய்ந்ததும் மாட்டினோம். 'டக்.' சூடம் காட்டிவிட்டு சுவிட்சைத் தட்டினேன்.

பீப். பீப். பீப்.

திரை இருட்டாகவே இருந்தது. அணைத்துப் போட்டேன். மறுபடி மூன்று.

அய்யாவு விரலை உயர்த்தினான். "பல்லி சொல்ற மாதிரி சொல்லுது பாரு. வடக்கால இருந்து மூணு தடவை. காரியம் கைகூடும்டா."

பெட்டியைக் கிழக்கே திருப்பி வைத்துப் பார்த்தோம். கிழக்காலும் மூன்றுதான்.

9 ஜூலை, செவ்வாய்

இன்றும் மூன்று.

10 ஜூலை, புதன்

காலையில் ரவிச்சந்திரன் மண்டபத்தில் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, டவுன்ல சொல்லி வெச்சிரட்டுமா?" "நாளைக்குத்தானே வியாழன்" என்று சொல்லிவிட்டு நழுவினேன். இந்த வயசுல இதுக்குப் போயி அழுவானா ஒருத்தன்? — அழுதேன். கழிவறையில், யாருக்கும் தெரியாமல்.

அய்யாவு குணாளனுக்கு வீடியோ கால் போட்டு, ரேமை உருவிக் காட்டினான்.

"ஐயா, அது என்ன மஞ்சளா?"

"சந்தனம்."

குணாளன் மூக்கு முட்டும் அளவுக்குத் திரையை நெருங்கி வந்தார்.

"ரேமுக்கு யாருய்யா பொட்டு வெச்சது?"

"நான்தான். பழசுக்கும் வெச்சிருக்கேன்."

"அலமாக்! அந்தப் பல்லு வழியாதான் அது பேசும். நீங்க வாயை அடைச்சி வெச்சிருக்கீங்க. பென்சில் அழிக்கிற ரப்பர் இருக்கா? மெதுவா தேச்சி எடுங்க. மாட்டுற குழியையும் காஞ்ச பிரஷால தட்டி விடுங்க."

ரப்பர் இல்லாமலா? எழுதப் பழகியதில் என் ரப்பர் மொச்சைக்கொட்டை அளவுக்குத் தேய்ந்திருந்தது. தேய்த்தேன். பல் ஒவ்வொன்றாகப் பளபளத்தது. நாற்பது வருடம் வெட்டிய பாலில் ஒரு சொட்டாவது எனக்கென்று திரும்பி வந்திருக்கிறது.

மாட்டினோம். பீப். ஒன்றுதான்! திரையில் வெளிச்சம். 'அ' தட்டினேன், விரலை எடுப்பதற்குள் வந்துவிட்டது. பயந்து கையை இழுத்துக்கொண்டேன்.

"மூணை விட ஒண்ணுதான்டா ஒசத்தி" என்றான் அய்யாவு.

11 ஜூலை, வியாழன்

ஒற்றை விரலால் நாள் முழுக்கத் தட்டினேன். இருபத்தேழு வரி. 'பாயசம்: அம்மாசி குடும்பத்தார்' என்றுதான் வருடா வருடம் போடுவார்கள். நான் பாயசத்தில் கை வைத்தவனே இல்லை, காய்ச்சுவதெல்லாம் என் மனைவிதான். 'பாயசம்: இராசாத்தி' என்று போட்டேன்.

ஐந்து மணிக்கு அச்செடுத்து ரவிச்சந்திரனிடம் கொடுத்தேன். வரி வரியாக விரல் வைத்துப் பிழை தேடினார். கிடைக்கவில்லை. "தலைவர் பேரு இன்னும் கொஞ்சம் பெருசா வந்திருக்கலாம்லா" என்றார். பெரிதாக்கிக் கொடுத்தேன்.

12 ஜூலை, வெள்ளி

படி எடுத்து, கோயிலில் இருநூறு பேருக்குக் கொடுத்தோம். படிக்கிறவர்களின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவர் அதில் வடையை மடித்தார். ஓடிப் போய்ப் பழைய பேப்பர் கொடுத்து, வடையை மாற்றி வைத்து, நோட்டீஸை வாங்கித் துடைத்து, அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தேன்.

14 ஜூலை, ஞாயிறு

இராசாத்தி நோட்டீஸை எடுத்து வந்து, "ஏங்க, இதுல எது நானு?" என்றாள். அவளுக்கு எழுத்து தெரியாது. காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தாள்.

"இம்புட்டு நீளமாவா இருக்கேன்?"

பிறகு பேனாவைக் கேட்டாள். கொடுத்தேன். காலையிலிருந்து நாட்காட்டியின் பின்பக்கத்தில் தன்னையே எழுதிக்கொண்டிருக்கிறாள். சோறு இன்னும் ஆகவில்லை. கேட்டால், "இருங்க, 'சா'வுல நிக்கிறேன்" என்கிறாள். வெள்ளிக்கிழமை வகுப்புக்கு அவளும் வருகிறாளாம்.

இது பென்சிலில் எழுதுவது. அடுத்த வாரம் அவள் பேனாவை விட்டுக்கொடுத்தால் மையில் எழுதுகிறேன். இல்லையென்றால் இப்படியேதான்.