எண்பத்தைந்து மீட்டர்

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீயும் உன் முதுகுவலியும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கேட்டால் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். எழுத்தில் கேட்டால்தான் யோசித்துச் சொல்வாய்.

எங்கள் ஆஸ்பத்திரியில் புதிதாக ரத்தப் பரிசோதனைக் கட்டடம் எழும்பிவிட்டது. பழைய கட்டடத்திலிருந்து எண்பத்தைந்து மீட்டர், நடுவில் வெறும் மண்தரை. இரண்டையும் நெட்வொர்க்கில் இணைப்பது என் பொறுப்பு. செம்புக் கேபிளா, ஃபைபரா? செம்பு கையிருப்பில் இருக்கிறது. ஃபைபரை வரவழைத்து முடிக்க ஒரு மாதம் ஆகும். திறப்புக்கோ பன்னிரண்டு நாள்தான். கேபிளோடு குடித்தனம் நடத்துகிறவன் நீ. உள்ளதைச் சொல்.

அக்கா

ஜூன் 6

அக்காவுக்கு வணக்கம்.

முதுகுவலி என்னை விட்டுப் பிரிய மாட்டேன் என்கிறது. சீலிங்குக்குள் ஊர்ந்து ஊர்ந்து சேர்த்த சொத்து. எனக்கு 'எலி' என்று பேர் வைத்தவன் ஒருவனும் என்னோடு ஊர வருவதில்லை.

செம்பைக் குறை சொல்ல மாட்டேன். வளைத்தால் வளையும். அறுந்தால் ஐந்து நிமிடத்தில் புது முனை போட்டுவிடலாம். நூறு மீட்டர் வரை நன்றாக ஓடும், உன் எண்பத்தைந்து அதற்குள் அடக்கம். ஃபைபர் கண்ணாடி இழை. அதிகம் மடக்கினால் முறியும், ஒட்ட மெஷின் வேண்டும், துணுக்கு விரலில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது. வேகமும் தூரமும் அதற்குத்தான் அதிகம். உனக்கு அவ்வளவு தேவையில்லை.

நீ கேட்காத ஒன்று இருக்கிறது. செம்பு மின்சாரத்தைக் கடத்தும், கண்ணாடி கடத்தாது. ஒரே கட்டடத்துக்குள் என்றால் பரவாயில்லை. உன்னுடையது இரண்டு கட்டடம், மின்சாரத்தை மண்ணில் இறக்கும் எர்த் தனித்தனி. இடி விழுந்தால் அந்தக் கம்பி வழியாகவே உள்ளே வரும். முனையில் மெஷின் மட்டுமா இருக்கும்? மனுஷரும் இருப்பார்கள். திறப்பு தள்ளிப் போனாலும் போகட்டும், ஃபைபரே போடு. அதுவும் உள்ளே இரும்பு இல்லாததாகப் பார்த்து வாங்கு.

உன் தம்பி

ஜூன் 9

தம்பி,

பெரிய டாக்டரிடம் சொல்லிப் பார்த்தேன். "செம்புல ஓடுமா ஓடாதா, அத மட்டும் சொல்லும்மா" என்றார். ஓடும் என்றேன். அது பொய் இல்லையே. மழைக்காலத்துக்குள் ஃபைபருக்கு மாற்றிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வேறு ஆள் போட்டால் உன் வேலை மாதிரி சுத்தமாக இருக்காது. எனக்காக வந்து போட்டுக் கொடு.

அக்கா

அக்டோபர் 21

தம்பி,

நாலு மாதமாக நான் எழுதவில்லை. நீ வந்து போட்டுக் கொடுத்த கேபிளையும் மாற்றவில்லை. ஓடிக்கொண்டிருப்பதை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை பிற்பகல் புதுக் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியில் இடி விழுந்தது. பழைய கட்டடத்தில், கேபிளின் இந்த முனையில், விசாரிப்பு மேஜையில் இருக்கும் அம்மா அதே நெட்வொர்க்கில் ஓடும் போனில் ஹெட்போனை மாட்டிப் பேசிக்கொண்டிருந்தார். கன்னம் வெந்துவிட்டது. இடது காது இனிமேல் கேட்காதாம்.

விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். "முன்னாடியே யாராவது எச்சரிச்சாங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. அடுத்து உன்னைக் கூப்பிடுவார்கள். நீயும் ஒன்றும் சொல்லவில்லை என்றால் பழி இடியோடு போய்விடும். பதினெட்டு வருஷ வேலை எனக்கு. நம் அம்மா போன பிறகு உன்னை வளர்த்ததையெல்லாம் சொல்லிக்காட்ட மாட்டேன். உன்னை விட்டால் நான் யாரிடம் கேட்பது?

அக்கா

அக்டோபர் 25

அக்கா,

இரண்டு முறை படித்தேன். அந்த அம்மாவைப் பற்றி மூன்றே வரி எழுதியிருக்கிறாய்.

பசித்த நாட்களில் உன் தட்டை என் பக்கம் தள்ளியவள் நீ. நீ கேட்டு நான் முடியாது என்று சொன்னதே இல்லை, ஜூன் மாதம் உட்பட. தப்பு என்று தெரிந்தே போட்டேன். முடித்ததும் டீ கொடுத்தாய், குடித்துவிட்டு வந்தேன். குழிக்குள் அந்தக் கம்பியை இழுத்தது என் கைதான்.

என்னைக் கூப்பிட்டால், வேண்டாம் என்று சொன்னதையும் சொல்வேன், சொல்லிவிட்டுப் போட்டதையும் சொல்வேன். உன்னை மட்டும் மாட்டிவிடுவதாக நினைக்காதே. நான் எழுதிய கடிதம் உன்னிடம்தான் இருக்கிறது. அதை என்ன செய்தாய் என்று கேட்க மாட்டேன்.

தம்பி

நவம்பர் 6

தம்பி,

ஒரு வாரம் உன்மேல் கோபமாக இருந்தேன். பிறகு உன் ஜூன் மாதக் கடிதத்தைக் குழுவிடம் கொடுத்துவிட்டேன். முதலில் பொய் சொன்னதையும் ஒப்புக்கொண்டேன். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

நேற்று அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். நாற்காலியை வலது பக்கம் போட்டு உட்காரச் சொன்னார். நான் யார், என்ன செய்தேன், எல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"அந்த ஒயர எடுத்துட்டீங்களா?"

"இன்னும் இல்லைங்க. மெஷின மட்டும் மாத்திட்டு, அதுலயே ஓட்டிக்கிட்டிருக்காங்க."

"என் சீட்டுல இப்ப யாரு?"

"புதுசா ஒரு பொண்ணு."

"அப்புறம் இங்க ஏன் உக்காந்திருக்கீங்க? போய் அவள அந்தச் சீட்ட விட்டு எழுப்புங்க."

வெளியே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். காவலாளி, "உங்கள விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க மேடம்" என்றார். "நான் உள்ள போனப்புறம் சொல்லுங்க" என்றேன். அந்தப் பெண்ணை எழுப்பிவிட்டு, இரண்டு முனையையும் நானே கழற்றினேன். பெரிய டாக்டர் வந்து சத்தம் போட்டார்.

இப்போது பரிசோதனை முடிவுகளைக் காகிதத்தில் எழுதி ஆள் எடுத்துப் போகிறார்கள். ஃபைபர் போட இன்று அனுமதி கொடுத்தார்கள். யார் போடுவது என்று என்னிடமே கேட்டார்கள். உன்னைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வருவதும் வராததும் உன் இஷ்டம்.

அக்கா

நவம்பர் 10

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ஃபைபர் வருமுன் குழியைத் தயார் செய்யும் வேலை திங்களன்றுதான். அதற்கு முன் என்னை அந்த அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ. கம்பியைப் போட்டவன் இவன்தான் என்று நீ ஆரம்பித்து வை. எனக்கு முதல் வார்த்தை வராது. அதன் பிறகு நானே பேசிக்கொள்கிறேன்.

தம்பி