இதைக் கொண்டுவருபவர் என் அக்கா

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே உன் அத்தானுக்கு முழங்கால் வலி. வாய்க்கு மட்டும் ஒரு குறைவும் இல்லை. நான் இருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை நீ அனுப்பிய காரில் ஏறி வந்து, உங்கள் மேட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொண்டு திரும்பிய உன் அக்கா நான் இல்லை. நீ தண்ணீர்ப் பேச்சுவார்த்தைக்காகத் தலைநகர் போயிருந்தாய். உனக்குத் தெரிந்திருக்காது. அடுத்தவர் வந்து சொல்வதற்குள் நானே சொல்வதுதான் முறை.

நீங்கள் ஏரி மதகை இறக்கி, எங்கள் பக்கம் வரும் தண்ணீரை நிறுத்தி நாற்பது நாள் ஆகிறது. உங்கள் ஏரியும் பாதிக்குக் கீழே போய்விட்டது, உங்கள் தெருக்களிலும் குடத்தோடு வரிசை நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். ஏரிக் குழுவின் செயலாளராக நீ பத்துப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பள்ளத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்ட நானும் பத்துப் பேரோடுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒருவருடைய ரத்தத்தை ஒரு தடவை சுத்தம் செய்ய இருநூறு லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். போர்வெல் தண்ணீர் உப்பு. இரண்டே நாளில் ஃபில்டர் அடைத்துக்கொள்கிறது. வாரத்துக்கு மூன்று முறை, நான்கு மணி நேரம் என்றிருந்ததை இரண்டு முறை, இரண்டு மணி நேரம் என்று ஆக்கிவிட்டார்கள். டயாலிசிஸில் என் பக்கத்து நாற்காலிக் கண்டக்டரைப் பற்றி நான் உனக்குச் சொல்லியிருக்கிறேன், ஊசி குத்தும்போது "டிக்கெட் டிக்கெட்" என்று நர்ஸைச் சிரிக்க வைப்பாரே, அவர்தான். மூச்சு முட்டி மூன்று நாள் கிடந்து, ஞாயிற்றுக்கிழமை போய்விட்டார். அவர் போர்த்திக்கொண்டிருந்த ஆஸ்பத்திரிக் கம்பளியை அவர் மனைவி துவைக்காமலே கொண்டுவந்து கொடுத்தாள். துவைக்கத் தண்ணீர் இல்லை என்று மன்னிப்பும் கேட்டாள்.

அதற்கு ஐந்தாம் நாள் உன் கார் வந்தது. உன் கடிதமும் வந்தது. குழு முத்திரையோடு ஒரே வரி: "இதைக் கொண்டுவருபவர் என் அக்கா. தடுப்பில் நிறுத்த வேண்டாம், மெஷினில் இடம் கொடுக்கவும்." நீ என் மேல் வைத்திருக்கும் பாசம் எனக்குத் தெரியாததா? படித்ததும் அழுகை வந்தது. அழுது முடித்ததும் கோபம் வந்தது. ஊருக்கெல்லாம் மூடிய கதவில் எனக்கு மட்டும் ஒரு ஓட்டை போட்டிருக்கிறாய்.

அதில் என் பெயர் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். தம்பி, நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் என்பதை நீ மறந்திருக்கக் கூடாது.

எங்களில் மோசமாக இருந்தவள் தையல்காரி. இருபத்து நான்கு வயது. காரில் அவளை ஏற்றிவிட்டேன். உன் டிரைவர் புதிது, ஒன்றும் கேட்கவில்லை. ஊர் எல்லைத் தடுப்பில் காவல் நின்றவர்தான் கடிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாராம்.

"செயலாளருக்கு வயசு ஐம்பது. நீ அவருக்கு அக்காவா?"

"கடைசியாப் பொறந்த அக்கா."

அவர் சிரிக்கவில்லையாம். வீங்கிப்போன அவள் காலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தடுப்புக் கம்பைத் தூக்கிவிட்டாராம். அவர் யார் என்று விசாரிக்காதே. உங்கள் பக்கத்திலும் இப்படி ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா.

உன் கார் மறுபடி வரும் செவ்வாய்க்கிழமை இன்னொரு அக்கா வருவார். ரிட்டயர் ஆன கணக்கு டீச்சர். உன்னைப் பார்த்தால் கட்டாயம் திட்டுவார், பொறுத்துக்கொள். அதற்கடுத்த வெள்ளி பேக்கரிக்காரரின் அம்மா. எல்லோரிடமும் உன் கடிதத்தின் நகல் இருக்கிறது. பட்டியலை நான்தான் எழுதினேன். என் முறை கடைசி.

உன் குழுவில் இதைப் போட்டு உடைக்க வேண்டுமென்றால் உடை. காரை நிறுத்த வேண்டுமென்றால் நிறுத்து. ஆனால் "இவள் என் அக்கா இல்லை" என்று ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்து நீயே சொல்ல வேண்டும், ஆள் விட்டுச் சொல்லக் கூடாது. அது முடியாதென்றால் மதகை அரை அடி தூக்கு. ஆஸ்பத்திரித் தொட்டிக்கு அது போதும் என்று இங்கே பிளம்பர் அளந்து சொல்லியிருக்கிறார். நாங்கள் தோட்டத்துக்குக் கேட்கவில்லை.

அம்மா இருந்திருந்தால் என்னைத்தான் திட்டியிருப்பாள், சின்னவனோடு என்னடி மல்லுக்கு நிற்கிறாய் என்று. இருக்கட்டும். இந்தத் தடவை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

கையெழுத்து கோணலாக இருக்கும். விரல் சரியாக மடங்கவில்லை. மோதிரத்தை நேற்று வெட்டி எடுத்து உன் அத்தானிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அதிசயமாக, அன்று முழுக்க வாயே திறக்கவில்லை.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. யார் மீதும் கையோங்கவோ, ஓங்க விடவோ வேண்டாம். செவ்வாய்க்கிழமை ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி ஆஸ்பத்திரிக்குப் போ. அங்கே படுத்திருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, என்னிடம் கேட்பதுபோல, "அக்கா, சாப்பிட்டியா?" என்று ஒரு வார்த்தை கேள்.

உன் மேல் கோபமாகவும் உன் நினைவாகவும் இருக்கும்,
அக்கா