முடி மாத்திரை

பதிவு: நெய்தல் கப்பல், சனியின் நிலா என்செலடஸைச் சுற்றும் பாதை. காலை 07:10
இதை யார் எடுத்துப் படிக்கிறீங்களோ, வணக்கம். நான் பூவிழி. கப்பல்ல நான் மட்டும்தான். கீழ பனித்தரை முகாம்ல ஜெபசிங் அண்ணாச்சி மட்டும்தான். ஜன்னல் முழுக்க சனிக்கோள், வளையத்தோட. சத்தியமா வேற லெவல், இன்னும் பார்த்துத் தீரல.
இன்னிக்கு 'ஏணி' ராக்கெட் கீழருந்து மேல வரும். எரிபொருள் ஒரே தடவைக்குத்தான். அண்ணாச்சிக்கு உடம்பு சரியில்லன்னா அதுல அவர் வருவார். ஃபிட்னா அவர் சீட்ல ஐஸ் சாம்பிள் வரும், அவர் அங்கேயே இருப்பார். அடுத்த கப்பல் நாலு வருஷம் கழிச்சு.

பதிவு: 13:40
முகாம்ல இருக்கிற மருத்துவ மெஷின், பேரு வைத்தி, ரிப்போர்ட் அனுப்பிடுச்சு. அண்ணாச்சியோட அப்பா பிராஸ்டேட் கேன்சர்ல போனவர், அதனால அந்த டெஸ்ட்தான் முக்கியம். ரத்தத்துல பி.எஸ்.ஏ. 3.1. எல்லை 4, அதைத் தாண்டினாதான் சந்தேகம். பிராஸ்டேட்டுக்கு மருந்து எடுக்கிறீங்களான்னு கேட்டிருக்கு, இல்லன்னு சொல்லியிருக்கார். ஃபிட்! இதே ரிப்போர்ட் அவர் வீட்டுக்கும் போகும்.
கூடவே ஒரு போட்டோ. தலையில கருகருன்னு முடி. ஃபில்டரான்னு கலாய்ச்சேன்.
முகாம்: "ஃபில்டர் இல்ல பிள்ள, முடி மாத்திரை. ஒரு வருஷமாப் போடுதேன். மக கல்யாணத்தன்னிக்கு ஸ்கிரீன்ல வழுக்கையாவா நிப்பேன்?"
இப்ப நிலாவுக்குப் பின்னாடி போறேன். சிக்னல் கட்.

பதிவு: 15:25
சும்மா இருக்கோமேன்னு அந்த மாத்திரையைப் பத்திப் படிச்சேன். செம சயின்ஸ்ங்க. டெஸ்டோஸ்டிரோனை ஒரு என்சைம் டி.எச்.டி.ங்கிற ஹார்மோனா மாத்துது. அந்த ஒரே ஆள் மேல போய் முடிவேரை வாட வைக்குது, கீழ போய் பிராஸ்டேட்டை வீங்க வைக்குது. மாத்திரை அந்த என்சைமைத் தடுத்துடும். கொஞ்ச கொஞ்சமா முடியும் வரும், வீக்கமும் சுருங்கும். முடிக்குக் கம்மி டோஸ், பிராஸ்டேட்டுக்கு அதிக டோஸ். மத்தபடி ஒரே மருந்து!

15:31
ஒரே மருந்து.
இதைச் சாப்பிட்டா பி.எஸ்.ஏ. சுமார் பாதியாக் காட்டுமாம். வந்த நம்பரை ரெண்டால பெருக்கணுமாம்.
6.2.
ஏணி கிளம்புறது 16:00. எனக்கு சிக்னல் வர்றது 16:20. ஆன்டெனாவை எப்படித் திருப்பினாலும் நடுவுல நிலா நிக்குது.

பதிவு: 17:05
ஏணி வந்து ஒட்டிக்கிச்சு. கதவைத் திறந்தேன். அவர் சீட்ல ஐஸ் பெட்டி, பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கு.
அவர்கிட்ட சொல்லிட்டேன். 6.2ன்னா கேன்சர்தான்னு இல்ல, ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம், ஆனா ஸ்கேன் பண்ணணும்னு. ஸ்கேனர் இங்க கப்பல்லதான் இருக்கு.
முகாம்: "பிராஸ்டேட்டுக்கு மருந்தான்னு கேட்டுச்சு பிள்ள. இது முடிக்குத்தானேன்னு நெனச்சேன்."

பதிவு: வீடு திரும்பும் பாதை. நாள் போட மறந்துட்டேன்
கப்பல் தானா கிளம்பிடுச்சு. நிறுத்த எனக்கு அனுமதி இல்ல. பூமிக்கு எழுதினேன். பரிசீலிக்கிறாங்களாம்.
அண்ணாச்சிக்கு இடுப்பு வலியாம். ஐஸ் தோண்டினதுல பிடிச்சுக்கிச்சுன்னு சொல்றார். அடுத்த டெஸ்ட்ல வைத்திகிட்டயாவது உண்மையைச் சொல்லுங்கன்னேன். சரி பிள்ளன்னார்.

பதிவு:
மக கல்யாணத்துக்கு அண்ணாச்சி பேசி அனுப்பின வீடியோ வந்துச்சு. பூமிக்குப் போறதுக்கு முன்னாடி என் வழியாத்தான் போகும். வெள்ளைச் சட்டை, வகிடெடுத்து வாரின தலை. ஆசீர்வாதம் சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒரு கை மேஜையை விடவே இல்ல.
கடைசில எனக்கு மட்டும் தனியா: "முடி எப்படி இருக்கு பிள்ள?"
சூப்பர் அண்ணாச்சின்னு அடிச்சேன்.

கூடவே புது ரிப்போர்ட். நகல், மகளுக்கு.
வைத்தி: "பி.எஸ்.ஏ. 3.9. பிராஸ்டேட் மருந்து: இல்லை என்கிறார். ஃபிட்."