குழியில் ஊற்றிய சீமெண்ணெய்

1943 ஜூலை 4, தேவனூர் நாடு
கரைத்த புளியின் சக்கையை எறியாமல் வைத்திருந்து லாந்தரின் பித்தளையைத் தேய்த்தேன். பளபளக்கிறது. உலகச் சண்டை முடியும்வரை எதையும் வீணாக்க முடியாது. ஆனால் லாந்தரில் சீமெண்ணெய் குறைந்திருக்கிறது. நேற்று நான்தான் ஊற்றினேன். என் வீட்டுக்காரர் காட்டைக் காவல் காக்கும் கார்டு, பகலெல்லாம் வெளியே. வீட்டில் இருப்பது நானும் அவருடைய மூத்த சம்சாரம் சின்னாத்தாள் அக்காவும்தான். அப்படியென்றால்?

ஜூலை 7
அக்கா பிழிந்த எலுமிச்சைத் தோலைக் காயவைத்து, வேப்பிலையோடு சேர்த்து என் அறை வாசலில் புகை போட்டாள். தான் படுக்கும் அடுப்படிக்குப் போடவில்லை. எனக்கு மட்டும் எதற்கு?
கேட்டேன். “வவுத்துப் புள்ளக்காரி, பேசாம படு கண்ணு” என்றாள். இது ஒரு பதிலா?

ஜூலை 8
தூங்கவில்லை.

ஜூலை 12
பார்த்துவிட்டேன். கொல்லையில் சுவருக்கு மண் எடுத்த குழிகளில் மழைத்தண்ணீர் நிற்கிறது. அக்கா கொட்டாங்குச்சியில் சீமெண்ணெய் கொண்டுபோய், சுற்றிலும் பார்த்துவிட்டு, ஒவ்வொரு குழியிலும் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஏதோ முனகினாள். மந்திரமா? கூப்பனுக்குக் காத்துக் கிடந்து வாங்கும் எண்ணெயை யாராவது தண்ணீரில் ஊற்றுவார்களா? எம்புள்ளைக்கு என்னமோ வெக்கிறா — வேறென்ன இருக்கும்?

ஜூலை 13
அவரிடம் சொன்னேன். அவர் அக்காவைக் கேட்டார். அவள் வாயைத் திறக்கவில்லை.
“கொஞ்ச நாள் உங்கூட்டுல போயி இரு” என்றார்.
துணி மூட்டையுடன், மலைமேல் தன் தாய்வீடு இருக்கும் ஆலத்தூர் நாட்டுக்கு நடந்துவிட்டாள். போகும்போது என் வயிற்றை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வை பிடிக்கவில்லை.

ஜூலை 26
கொசு பிடுங்குகிறது. குழித் தண்ணீரில் பொடிப் புழுக்கள் நெளிகின்றன. பக்கத்து வீட்டுக் கண்ணாயி தினை புடைத்துக்கொண்டே கேட்டாள்: “சின்னாத்தா எண்ணெய் ஊத்துனதாலதான் அனுப்புனீங்களா?”
“உங்களுக்குத் தெரியுமாங்க?”
“அவ பையன் குளிர் காய்ச்சல்ல செத்துப் போனானுங்க. அந்தப் புழுவுதான் கொசுவாவுது, எண்ணெய் விட்டாச் செத்துரும்னு ராசிபுரத்து கம்பவுண்டர் சொன்னாராம். பையன் பேரச் சொல்லிக்கிட்டே ஊத்துவா. வெளக்கேத்தாம இருட்டுலயே ஒல வெப்பா, அவ பங்கு எண்ணெயும் குழிக்கித்தான்.”
முறத்தைக் கீழே வைத்து, “அவருக்கு முன்னால பையனப் பத்திப் பேசமாட்டாளுங்க” என்றாள்.
அக்காவுக்கு ஒரு பையன் இருந்ததே எனக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

ஜூலை 27
அவரிடம் கேட்டேன். “அதெல்லாம் இப்ப எதுக்கு” என்று எழுந்து போய்விட்டார்.

ஜூலை 30, ஆலத்தூர்
கண்ணாயியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு நடந்து வந்தேன். அக்கா கொல்லையில் மிளகுக் கொடி கட்டிக்கொண்டிருந்தாள்.
“இந்த வவுத்தோட எதுக்குடி நடந்த?”
“தெரியாமப் போச்சுங்கக்கா” என்றேன். அவள் என் காலைப் பிடித்து வீக்கம் பார்த்தாள். கஞ்சி ஊற்றினாள். இன்னும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

ஆகஸ்ட் 3
அவர் அழைத்துப் போக வந்தார். “பொறப்படு” என்று என்னை மட்டும் பார்த்துச் சொன்னார்.
“அக்காளக் கூப்பிடுங்க. அவங்க வந்தா வாரேன்.”
தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். பிறகு அக்காவிடம் போய், தாழ்ந்த குரலில் அந்தப் பையனின் பேரைச் சொன்னார். அக்கா அழுதாள். நான் உள்ளே வந்துவிட்டேன்.
நாளை மூன்று பேரும் புறப்படுகிறோம்.