நசுங்காத விரல்

24 ஏப்ரல் 1938, ஞாயிறு. பெரியகுளம்.

காலையில் இரண்டு மணி நேரம் சாதகம். மிருதங்கம் இந்த வெயிலுக்கு நன்றாகப் பேசுகிறது. பிரசவத்துக்கு வந்திருக்கும் அய்யம்மாள் அக்கா, "ஏலே, நீ அடிக்கிற அடிக்கு வயித்துல பிள்ளை உதைக்குதுடா" என்றாள். என் வாசிப்புக்கு இந்த வீட்டில் கிடைத்த முதல் பாராட்டு. எழுதி வைக்கிறேன்.

26 ஏப்ரல்

தேனிப் பஞ்சு வியாபாரி ராக்கையா வந்தார். வீரபாண்டித் திருவிழாவில் வியாபாரிகள் பந்தல் போடுகிறார்கள். மே 12 கச்சேரிக்கு நான் வாசிக்க வேண்டுமாம். சந்தோஷமாகத் தலையை ஆட்டிவிட்டு, அப்புறம்தான் பாடுவது யார் என்று கேட்டேன்.

"நம்ம ஊரு ராஜாத்திதான் தம்பி. மதுரைப் போட்டியில தங்க மெடல் வாங்குச்சுல்ல, அந்தப் பிள்ளை. அவ அண்ணன் அம்மாவாசி பிடில் வாசிக்கிறாரு."

பெண்ணுக்கா? மதுரையில் என்னோடு படித்த மிருதங்கக்காரர்கள் யாரும் பெண்களுக்கு வாசிக்க உட்காருவதில்லை. போன வருஷம் செல்வமணி ஒரு அம்மாளுக்கு வாசித்தான் என்று எல்லோரும் சேர்ந்து அவனை ஒதுக்கினோம். அவனுக்குக் கார்டு எழுதியதே நான்தான். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பார்கள். தவிர, எனக்கு மதுரையில் கிடைத்தது வெள்ளி மெடல்தான். அவளுக்குத் தங்கம். இதையும் எழுதத்தான் வேண்டும்.

ராக்கையா பெரிய மனுஷர். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

27 ஏப்ரல்

கதவிடுக்கில் மாட்டி ஆள்காட்டி விரல் நசுங்கிவிட்டது என்று ராக்கையாவுக்குக் கார்டு போட்டுவிட்டேன். விரல் நன்றாகத்தான் இருக்கிறது.

29 ஏப்ரல்

மனுஷர் பார்க்கவே வந்துவிட்டார்! தெருமுனையில் தலை தெரிந்ததும் அக்காவிடம் ஓடினேன். தன் பழைய சேலையைக் கிழித்து, மஞ்சளைக் குழப்பிப் பூசிக் கட்டுப் போட்டாள். போட்டுக்கொண்டே கேட்டாள்: "உனக்கு என்னடா பயம்? அவ உன்னைவிட நல்லாச் செஞ்சிருவான்னா?"

ராக்கையா ஒரு குப்பி எண்ணெய் கொண்டுவந்திருந்தார். கட்டின் மேலேயே அவர் கையால் ஊற்றினார். வீடு முழுக்க நாற்றம்.

2 மே

கட்டை அவிழ்க்க வழியில்லை. கடைத்தெருவில் ஆளாளுக்கு விசாரிக்கிறார்கள். வாசிக்கவும் முடியாது, சத்தம் தெருவுக்குக் கேட்கும். ஐந்து நாளாகச் சாதகம் இல்லை. மிருதங்கம் மூலையில் உறைக்குள் கிடக்கிறது.

5 மே

மதுரையிலிருந்து ஒரு புல்லாங்குழல் வித்வானின் கார்டு. இருபதாம் தேதி கச்சேரிக்கு என்னைத்தான் வைக்க நினைத்தாராம். 'விரல் செய்தியை ஸ்ரீ ராக்கையா மூலம் அறிந்து வருந்தினோம். வேறு ஆள் ஏற்பாடு செய்துகொண்டோம்.'

அந்த மேடைக்காக ஆறு வருஷம் காத்திருந்தேன். அழுதேன். வேறென்ன எழுத?

12 மே. வீரபாண்டி.

வராமல் இருந்திருக்கலாம். கால் நிற்கவில்லை, வந்துவிட்டேன். சாயங்காலம் கச்சேரி. கட்டுப் போட்ட கையோடு கடைசியில் உட்கார்ந்தேன். மேடையில் ராஜாத்தி, பிடிலோடு அம்மாவாசி, தம்பூராவோடு ஒரு பெண். வேறு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. மிருதங்கத்துக்கு உரிய இடத்தில் ஜமக்காளத்தை விரித்துக் காலியாக விட்டிருந்தார்கள்.

நன்றாகப் பாடினாள். என்னைவிடவும் நல்ல தாளக்கட்டு. எழுதிவிட்டேன்.

பெரிய கீர்த்தனையில் மிருதங்கம் தனியாக வாசிக்கும் கட்டம் வந்தது. அதை விட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. வாயை மூடிக்கொண்டு, தொடையில் ஆதி தாளத்தை மட்டும் தட்டிக்கொண்டிருந்தாள். எட்டு எண்ணிக்கை. மறுபடி எட்டு. பிடிலும் நின்றுவிட்டது. "பாட்டு மறந்துருச்சா ஆத்தா?" என்று யாரோ கத்தினார்கள். அவள் அந்தக் காலி ஜமக்காளத்தையே பார்த்துத் தட்டினாள்.

எனக்கு உடம்பு கூசிவிட்டது. அது நான் உட்கார வேண்டிய இடம். எப்போது ஆரம்பித்தேனோ தெரியாது, என் விரல்கள் தொடையில் ஓடிக்கொண்டிருந்தன. பதினைந்து நாள் பசி. கடைசியில் மூன்று முறை வரும் கோர்வையை வைத்து முடித்தேன். முடித்த இடத்தில் அவள் பல்லவியை எடுத்தாள்! என் கையைப் பார்த்தா எடுத்தாள்? அவ்வளவு தூரத்தில் தெரியுமா?

"தம்பி, கட்டு அவுந்து தொங்குது." திரும்பினால் ராக்கையா. என் விரலைப் பார்த்தார். "எண்ணெய் நல்லாக் கேட்டிருக்கு போல" என்றார். இதற்குப் பதிலாக நாலு அடி அடித்திருக்கலாம்.

13 மே

தேனிக்குப் போய், ராஜாத்தி வீட்டு வாசலில் நின்று உண்மையைச் சொன்னேன். அம்மாவாசிக்கு முகம் கறுத்துவிட்டது. "விரல் ஆறிரும்னு கடைசி வரைக்கும் காத்துக் கிடந்தோம். முடியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா வேற ஆளைத் தேடியிருப்போம்ல. நேத்து எத்தனை பேரு சிரிச்சாக தெரியுமா?"

உள்ளேயிருந்து ராஜாத்தி வந்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். "கோர்வையில ஓடிட்டீக. நீங்க ஓடுன ஓட்டத்துக்கு நானும் தாளத்தைக் கூட்டிப் பல்லவியைப் பிடிக்க வேண்டியதாப் போச்சு."

பார்த்திருக்கிறாள்.

"அடுத்த மாசம் போடியில கச்சேரி. ஓடாம வாசிக்க முடிஞ்சா வாங்க."

30 மே

அக்காவுக்குப் பெண் குழந்தை. தாலாட்டுக்கு அழுகிறது, மிருதங்கத்துக்குத் தூங்குகிறது.

11 ஜூன்

மதுரை நண்பர்களின் கார்டு. போடிக்குப் போனால் இனி எந்த மேடைக்கும் என்னைச் சேர்க்க மாட்டார்களாம். வாசகத்தைப் படித்ததும் சிரிப்பு வந்தது, உடனே நின்றும் போனது. செல்வமணிக்கு நான் எழுதிக் கொடுத்த அதே வரிகள். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

பதில் போடவில்லை. செல்வமணிக்கு எழுதினேன். நாலு தரம் கிழித்துப் போட்டு, ஐந்தாம் தரம் அனுப்பினேன்.

19 ஜூன், ஞாயிறு. போடி.

நேற்று வாசித்தேன். ஓடவில்லை. தனி வாசிக்கச் சொல்லி ராஜாத்தி என் பக்கம் கையைக் காட்டியபோது எட்டு எண்ணிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். செல்வமணி வந்திருந்தான். என்னிடம் பேசவில்லை. ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்து கடைசி வரை தாளம் போட்டான்.

முடிந்ததும், சத்தம் கனக்க மிருதங்கத்தின் இடது பக்கத்தில் அப்பியிருந்த ரவைப் பசையை வழித்தெடுக்கத் துணி தேடினேன். அக்கா கட்டிக் கொடுத்த பையில் அந்தப் பழைய சேலைக் கிழிசல் மடித்து வைத்திருந்தது. துவைத்துத்தான் வைத்திருக்கிறாள். எண்ணெய் நாற்றம் இன்னும் போகவில்லை.