தாய்மாமன் மடி

அண்ணா,

அமாவாசைக்கு மேல்மலையனூருக்கு வராதே. என் மகனுக்கு இப்போது மொட்டை போடப் போவதில்லை. "தாய்மாமன் மடிய வேணான்றியே, அம்மனுக்கு அடுக்குமா?" என்று மாமியார் கத்துகிறார். கத்தட்டும். அந்தக் கூட்டத்தில் ஒருவர் இருமினாலே இவன் தாங்க மாட்டான்.

கிருமியை அடையாளம் காண, டி செல் என்ற ரத்த அணுவின் மேல் கொக்கி மாதிரி ஓர் அமைப்பு உண்டாம். இவனுக்கு அதில் ஒரு துண்டு இல்லை. கொக்கி சரியாக அமையாத அணுக்கள் பெரும்பாலும் வளரும்போதே செத்துவிடுகின்றன. மிஞ்சியவை கிருமி வந்தாலும் எழுந்திருப்பதில்லை.

"சொந்தத்துல கட்டிக்கினீங்களா? ரெண்டு பேர்கிட்டயும் அந்தக் குறை மறைஞ்சிருக்கும்மா" என்றார் டாக்டர்.

நான் மாமன் மகனையும், நீ அவர் தங்கையையும் கட்டியதைச் சொன்னேன். இப்போது இல்லாத உன் மகள் சங்கவியைப் பற்றியும் சொன்னேன். அவளுக்கு வந்த காய்ச்சலை அம்மன் கோபம் என்று நாம்... வேண்டாம்.

அண்ணிக்கு இது நாலாம் மாதம். விழுப்புரத்தில் பஸ் மாறி நாளைக்கே திண்டிவனத்தில் இந்த டாக்டரிடம் அழைத்து வா. இருவரும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள். முன்பே தெரிந்தால் பிறந்தவுடன் வைத்தியம் பார்க்கலாமாம். இப்படிச் சொன்னதற்காக அண்ணி என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை.

அந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன் என் வீட்டுக்காரர்தான். அவர் மடி காத்திருக்கிறது.

உன் தங்கை